சங்கம் சேர்தல் கடனா, கட்டாயமா?

மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் வழியில் உள்ளது வில்லாபுரம். உழைத்துண்ணும் எளிய மக்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. ஒரு குடம் தண்ணீருக்கு நெடுங்காலம் தவங்கிடந்த அப்பகுதி மக்கள், 1996-ஆம் ஆண்டு இலீலாவதி என்னும் பெண்மணியைத் தம் மாநகராட்சி மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். குடிநீர்ச் சிக்கலில் அவர் எவர்க்கும் அஞ்சாது நின்றார். நின்றதற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். 1997 ஏப்பிரல் 23 அன்று அவர் வாழ்ந்த தெருப்புறத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவர் எந்நீருக்காக நின்றாரோ அந்நீர் குழாய்களில் வந்தபோது, அவருக்கு வாக்களித்தவர் குடமும் நிறைந்தது. வாக்களியாதவர் குடமும் நிறைந்தது. அவர் போராடிய நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர் குடமும் நிறைந்தது. வரிசையில் நிற்பவரை நோக்கி, "நீ அன்று எப்பக்கம் நின்றாய்?" என்று எந்தக் குழாயும் கேட்பதில்லை.

தொழிற்சங்கத்தைப் பற்றி உலகெங்கும் நடக்கும் பெரிய வழக்கின் கருவும் இதுதான். சிலர் கூடி, கட்டணம் செலுத்தி, காய்ந்து, சிறை சென்று ஓர் ஊதிய உயர்வைப் பெறுகின்றனர். பெற்ற உயர்வு அனைவர்க்கும் கிடைக்கின்றது. அவ்வாறாயின் அனைவரும் சங்கத்தில் சேர்ந்தேயாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா? சேராதவரிடமும் கட்டணம் தண்டலாமா? அரசுப் பணியாளர், அரசுப் பேருந்துத் தொழிலாளர் முதலான பொதுத்துறையினர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகின்றது. ஏனெனில் அங்கே முதலாளி, மக்கள் வாக்களித்து அமர்த்திய அரசே.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, இணக்க அலுவலர் முன்னிலையில் செய்யப்படும் உடன்பாடு அந்நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும் என்றது. உறுப்பினர், உறுப்பினரல்லார் என்னும் வேறுபாட்டை அது பார்க்கவில்லை. நாளை பணியில் சேரப்போகின்றவனையும் அது கட்டியது. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொணரப்பட்டது. அதிலும் இந்நெறி மாறவில்லை. எனவே சேராதவனுக்கும் பயன் உண்டு என்பது சட்டத்தின் முடிவு. அதே வேளையில், சேரும்படியோ சேராதிருக்கும்படியோ ஒருவனை அச்சுறுத்துவது முறையற்ற செயல் என்பதும் சட்டத்தின் முடிவே. சங்கக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமாயின் தொழிலாளி எழுத்தில் இசைவு தரல் வேண்டும். ஆக, ஏட்டளவில் நம் நாட்டில் கட்டாயம் இல்லை.

கட்டாயம் வேண்டும் என்போர் கூற்றை நாம் எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. அவர்கள் கேட்பது நேரிய கேள்வி. பத்துப் பேர் விதைக்க நூறு பேர் அறுப்பது முறையா? விதைத்த பத்துப் பேரும் ஒரு நாள் சலித்து, "நமக்கென்ன வந்தது?" என்று கையை உதறிவிட்டால் அடுத்த ஆண்டு எவர் விதைப்பார்? சேராதவன் கணக்குப் பார்க்கின்றான்: சேர்ந்தால் கட்டணம் போகும், மேலலுவலரின் சினம் வரும், சேராவிட்டாலும் உயர்வு வரும். ஒவ்வொருவனும் இக்கணக்கைப் போட்டால் சங்கம் இராது. சங்கம் இராவிட்டால் உயர்வும் இராது. இஃது ஏரியில் மடை திறப்பதற்கு மட்டும் வந்து, கரை உடையும் நாளில் மண் சுமக்க வாராத உழவனின் செயலை ஒத்தது. நம் ஊர்களில் அத்தகையவனை எவரும் மதித்ததில்லை.

எனினும் இந்நோய்க்குக் கட்டாயம் மருந்தாகுமா என்பதை, அம்மருந்தை உண்டு பார்த்த நாடுகளைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1975-இல் அரசுடைமையான பிரித்தானிய இருப்புவழி நிறுவனம் மூன்று சங்கங்களோடு ஓர் உடன்பாடு செய்தது. அச்சங்கங்களுள் ஒன்றில் சேர்ந்தாலன்றி எவரும் பணியில் நீடிக்க முடியாது என்பதே அது. சேர மறுத்த பணியாளர் மூவர் மறு ஆண்டே வேலை இழந்தனர். அவர்கள் ஐரோப்பிய மாந்தவுரிமை நயன்மன்றம் வரை சென்றனர். அவர்தம் உரிமை மீறப்பட்டது என்று 1981-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. அம்மூவரின் வழக்கு, சங்கங்களையே ஒடுக்க விரும்பியோர் கையில் நல்ல படைக்கலம் ஆயிற்று. 1980-க்குப் பின் பத்தாண்டுகளில் அடுத்தடுத்து வந்த சட்டங்கள் அக்கட்டாய முறையை ஒழித்ததோடு நில்லாமல், சங்கங்களின் கைகளையும் சேர்த்தே கட்டிவிட்டன.

அமெரிக்காவில் வேறொரு வழி கண்டனர். பொதுத்துறையில் சங்கத்தில் சேரக் கட்டாயம் இல்லை. ஆனால் சேராதவனும் பேச்சுவார்த்தைச் செலவுக்கு ஒரு பங்கு தருதல் வேண்டும் என்றனர். தெத்திராயிட்டு நகர ஆசிரியர் வழக்கில் 1977-இல் அந்நாட்டு உச்சநயன்மன்றம் இதனை ஏற்றது. நாற்பத்தோராண்டு கழித்து, 2018 சூன் 27 அன்று, இல்லினாய்சு மாநில அரசுப் பணியாளர் சேனசு என்பார் தொடுத்த வழக்கில் அதே மன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. அரசோடு சங்கம் பேசும் பேச்சு அரசியல் பேச்சே. விரும்பாத அரசியலுக்குக் காசு கொடு என்று ஒருவனை நெருக்குவது கருத்துரிமைக்கு மாறானது என்பது அதன் விளக்கம். ஒரே நாளில் அந்நாட்டுப் பொதுத்துறைச் சங்கங்கள் பல நூறாயிரம் பேரின் பங்குக் கட்டணத்தை இழந்தன. கட்டாய வருவாயை நம்பியிருந்த சங்கங்கள் தடுமாறின. வாயில்தோறும் சென்று ஆள் சேர்க்கும் பழக்கத்தை விடாதிருந்த சங்கங்கள் நிலைத்தன.

தொலைநாட்டுக்குப் போவானேன்? பம்பாய் நெசவாலைகளைப் பாருங்கள். அங்கே 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சங்கமே தொழிலாளர் அனைவர்க்கும் பேராளாக நின்று பேச முடியும். அவ்வுரிமை பெற்ற சங்கத்தைத் தொழிலாளர் வெறுத்தனர். ஆயினும் சட்டம் அதனையே அவர்கள் தலையில் சுமத்தி வைத்தது. 1982 சனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை நூறாயிரம் தொழிலாளர் தத்தா சாமந்து தலைமையில் ஆலைகளை விட்டு வெளியேறினர். ஊதியம் ஒரு கோரிக்கை; தமக்கு வேண்டாத சங்கத்தின் தனியுரிமையை நீக்குக என்பது மற்றொன்று. அப்போராட்டம் ஓராண்டைக் கடந்தும் நீண்டு, வெற்றி காணாமலே ஓய்ந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தொழிலாளி தேர்ந்தெடாத சங்கத்தைச் சட்டம் காப்பாற்றினால் விளைவது இதுவே.

இனி நம் மண்ணின் வரலாற்றைப் பார்ப்போம். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சிதம்பரனார் வழிகாட்ட வேலையை நிறுத்தி ஊதிய உயர்வு பெற்றபோது, அவர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை. காக்கச் சட்டமும் இல்லை. 1918 ஏப்பிரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைமையிலும் திரு.வி.க. போன்றோர் துணையிலும் அது வளர்ந்தது. பின்னி நிறுவனம் அச்சங்கத் தலைவர்கள் மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுத்து அதனை நசுக்கப் பார்த்தது. சங்கம் வைத்ததே குற்றம் போலக் கருதப்பட்ட அந்நிலையை மாற்றவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதே 1918-இல் நம் மதுரையில் ஆர்வி ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் கண்டவர் வழக்கறிஞர் சியார்சு சோசப்பு. வெள்ளைக்காரன் ஆலையில் சங்க உறுப்பினன் என்று பெயர் எழுதிக் கொடுப்பது அந்நாளில் வேலையைப் பணயம் வைப்பதாகும். வைத்தார்கள். எவரும் அவர்களை நெருக்கவில்லை. தானே முன்வந்து சேர்ந்தவனின் பெயர் இருந்ததால்தான் அப்பட்டியலைக் கண்டு ஆலை முதலாளி அஞ்சினான். சட்டத்தின் கட்டாயத்தால் நிரப்பப்பட்ட பட்டியலைக் கண்டு எந்த முதலாளியும் அஞ்சமாட்டான்.

இவ்விடத்தில் மற்றொரு கட்டாயத்தையும் மறத்தலாகாது. 'சேராதே' என்னும் கட்டாயமே அது. 2024 செப்டம்பர் 9 அன்று திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கு ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் முதன்மையானது, தம் சங்கத்தைப் பதிவு செய்க என்பது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அவ்வெளிய உரிமையைப் பெற, உயர்நயன்மன்றத்தின் படியேறி, 2025 சனவரி வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. சேர விரும்புவோரையே சேரவிடாத நாட்டில், சேர விரும்பாதவரைச் சேர்ப்பது பற்றிச் சட்டம் பேசுவது நகைப்புக்கு இடமானதன்றோ?

பொதுத்துறைக்கு வருவோம். 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றிய நாள் முதல், பேருந்துத் தொழிலாளர்க்கு அரசே முதலாளி ஆயிற்று. முதலாளி அரசு, அரசை நடத்துவது ஒரு கட்சி, அக்கட்சிக்கு ஒரு தொழிற்சங்கம். ஆட்சி மாறும்தோறும் பணிமனை வாயிலில் கொடியின் உயரம் மாறுகின்றது. உறுப்பினர் எண்ணிக்கையும் மாறுகின்றது. ஓர் இரவில் ஆயிரக்கணக்கானோர் கொள்கை மாறிவிட்டனரா? இல்லை. எளிய வழித்தடம், விரும்பிய வேலைமுறை, இடமாற்றத்திலிருந்து காப்பு ஆகியவை எச்சங்கத்தின் வழியாகக் கிட்டும் என்பதைத் தொழிலாளி அறிவான். ஏட்டில் இல்லாத கட்டாயம் பணிமனையில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. முதலாளியே சங்கம் அமைப்பதும், ஒரு சங்கத்துக்கு மட்டும் துணை நிற்பதும் முறையற்ற செயல்கள் என்று சட்டம் வரையறுத்துள்ளது. தனியார் முதலாளி செய்தால் குற்றமாவது, ஆளுங்கட்சி செய்தால் மட்டும் எங்ஙனம் வழக்கமாகும்?

இதன் விளைவை நாடு 2018-இல் கண்டது. அவ்வாண்டு சனவரி 4 அன்று அரசு, ஆளுங்கட்சி சார்ந்த சங்கத்தோடும் வேறு சில சங்கங்களோடும் 2.44 என்னும் பெருக்குக் காரணியில் ஊதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2.57 வேண்டும் என்று கேட்ட மற்றைச் சங்கங்கள் அதனை ஏற்காமல் அன்றே வேலைநிறுத்தத்தில் இறங்கின. கையெழுத்திட்டோர் உண்மையில் எத்தனை பேர்க்குப் பேராளர் என்பதை அளந்தறிய ஒரு வாக்கெடுப்பு இருந்திருந்தால் அப்பூசலில் பாதி எழுந்திராது. பொங்கல் நெருங்கிய அந்நாள்களில் ஊர்ப்புறத்து மக்கள் பேருந்தின்றித் தவித்தனர். உயர்நயன்மன்றம் ஓய்வுபெற்ற நடுவர் ஒருவரை அமர்த்திய பின்னரே, சனவரி 11 அன்று அது முடிவுக்கு வந்தது. அந்த எட்டு நாளும் உழவர் விளைபொருளோடும் மாணவர் நூற்பையோடும் நிறுத்தங்களில் நின்றனர். அவர்களும் இவ்வழக்கில் ஒரு தரப்பினரே. அவர்களுக்குத்தான் சங்கம் இல்லை.

அரசு தனக்கு வேண்டிய சங்கத்தை வளர்க்கும்; வேண்டாத சங்கத்தை எப்படி நடத்தும்? 2003-ஐ நினைவுகூர்க. ஓய்வூதியம் முதலிய உரிமைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசுப் பணியாளரும் ஆசிரியரும் சூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். இன்றியமையாப் பணிகள் காப்புச் சட்டத்தைக் கொண்டு ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு ஒரே வீச்சில் வேலையினின்று நீக்கியது. ஆகசுட்டு 6 அன்று தில்லி உச்சநயன்மன்றம், அரசுப் பணியாளர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்டவுரிமையும் இல்லை, அறவுரிமையும் இல்லை என்றது. மன்னிப்பும், இனி நடத்தை விதியை மீறோம் என்னும் உறுதியும் எழுதிக் கொடுத்தே பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். அறவுரிமை உண்டா இல்லையா என்பதை அறநூல் வழங்கிய இந்நாட்டு மக்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும். அன்று வெளியே நின்றவர்களுள் சங்க உறுப்பினர் எத்தனை பேர், உறுப்பினரல்லார் எத்தனை பேர் என்று அரசு பிரித்துப் பார்க்கவில்லை. அடி விழுந்தபோதும் அனைவர்க்கும் பொதுவாகவே விழுந்தது. பயனில் மட்டுமன்று, இழப்பிலும் பணியாளர் ஒரு குலத்தவரே என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

இப்பொழுது வந்துள்ள புதிய சட்டத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் வருகைப் பட்டியலில் உள்ளாருள் 51 விழுக்காட்டினர் துணைபெற்ற சங்கமே தனிப் பேச்சுரிமைச் சங்கம் ஆகும் என்கின்றது. அவ்வாறு ஒன்று இல்லையாயின், 20 விழுக்காடு பெற்ற சங்கங்கள் கூடிய ஒரு குழு பேசும். 14 நாள் முன்னறிவிப்பின்றி எங்கும் வேலையை நிறுத்துதல் கூடாது. ஒரே குரலில் பேசுதல் நன்று. ஆனால் அக்குரல் எவருடையது என்பதே கேள்வி. ஆளுங்கட்சிச் சங்கம் அச்சுறுத்தியும் ஆசைகாட்டியும் 51-ஐ எட்டிவிட்டால், மீதியுள்ள 49 பேரின் வாய் சட்டத்தாலேயே அடைக்கப்படும். பம்பாய் செய்த பிழை நாடெங்கும் பரவும்.

இதற்குத் தீர்வு கமுக்க வாக்கெடுப்பே. இருப்புவழித் துறையில் 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் சங்க ஏற்பிற்காக அத்தகைய வாக்கெடுப்பு நடந்தது. மதுரைக் கோட்டத் தொழிலாளரும் அதில் வாக்களித்தனர். கொடி பிடிக்க அஞ்சியவனும் திரைக்குப் பின்னே தன் உள்ளம் விரும்பியதைக் குறித்தான். இரண்டாம் வாக்கெடுப்பிற்கும் மூன்றாவதற்கும் இடையே பதினோராண்டு கடத்தியது குறை. ஆயினும் முறை நேரியது. போக்குவரத்து, மின்வாரியம், மாநகராட்சி என்று எங்கும், குறித்த காலந்தோறும், அரசின் தலையீடின்றி இம்முறை நடைபெறல் வேண்டும்.

ஆகவே நம் முடிவு இது. சங்கத்தில் சேர்தல் தொழிலாளியின் கடன். அதனைக் கட்டாயம் ஆக்குதல் தவறு. கடனைச் செய்யாதவன் நாணத்தக்கவன்; ஆனால் அவனைத் தண்டிக்கும் கோலைச் சங்கத்தின் கையில் கொடுத்தால், அக்கோல் நாளை ஆளுங்கட்சியின் கைக்கே போய்ச் சேரும். மாதந்தோறும் கட்டணம் தானே வந்து விழும் என்றால் தலைவன் உறுப்பினன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. "ஐயா, இம்மாதக் கட்டணம்" என்று அவன் பணிமனைக்கு வந்து நிற்கும் நாளில்தான், "சென்ற மாதம் எமக்கென்ன செய்தீர்?" என்று கேட்கும் உரிமை உறுப்பினனுக்கு வாய்க்கின்றது. அவ்வொரு கேள்வியே சங்கத்தை உயிரோடு வைப்பது.

சங்கங்களும் தம்மைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். கட்சித் தலைவர்க்கு வரவேற்பு வளைவு கட்டுவதற்கு உறுப்பினன் காசைச் செலவிடுதல் கூடாது. வரவு செலவைத் தகவல் பலகையில் ஒட்டுதல் வேண்டும். ஊதிய உடன்பாடுகளைத் தெளிந்த தமிழில் எழுதி, கையெழுத்திடுமுன் தொழிலாளர் கூட்டத்தில் படித்துக் காட்டுதல் வேண்டும். தன் வாழ்வைக் கட்டும் தாளைத் தன் மொழியில் படிக்க இயலாத தொழிலாளி, கண்ணைக் கட்டிக்கொண்டு கைந்நாட்டு வைத்தவனே ஆவான்.

அனைத்திற்கும் மேலாக, பட்டியலுக்கு வெளியே நிற்பவரை நினைத்தல் வேண்டும். 2025 ஆகசுட்டில் சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் முன் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர், தம் பணி தனியார்க்குக் கைமாற்றப்படுவதை எதிர்த்தே அமர்ந்தனர். நள்ளிரவில் அவர்கள் கைது செய்யப்பட்டனர். ஊர் முழுதும் தூய்மை செய்யும் கைகளுக்கு வருகைப் பட்டியலில் நிலைத்த இடமில்லை. நிலைப்பணியாளரின் சங்கம் கட்டாயமா அன்றா என்று நாம் வழக்காடிக்கொண்டிருக்கும் வேளையில், பொதுத்துறை என்னும் கட்டடத்தின் அடித்தளமே ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. அவர்களுக்குக் கதவு திறவாத சங்கம், 100 விழுக்காடு உறுப்பினர் பெற்றாலும் பாதிச் சங்கமே.

உறுப்பினராகாமல் ஒதுங்கி நிற்கும் உடன்பிறப்புகளுக்கு ஒரு சொல். எச்சட்டமும் உங்களை இழுத்துச் செல்லக் கூடாது என்றே இவ்விதழ் வாதாடியது. அவ்வுரிமை உங்களுடையது. ஆனால் மாத முடிவில் சம்பளத்தை எண்ணும்போது, அதில் எத்தனை உருபா பிறர் சிறையிருந்து பெற்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பணிமனைச் சங்கம் ஒழுங்காக இல்லையாயின் உள்ளே சென்று திருத்துங்கள். திருந்தாதாயின் வேறொன்று காணுங்கள். திண்ணையில் அமர்ந்து குறை கூறுவது மட்டும் வழியாகாது.

வில்லாபுரத்துத் தெருக்களில் இன்றும் குடங்கள் நிறைகின்றன. குழாய் எவரையும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவன், குடத்தைத் தூக்கிச் செல்பவனே.